அப்பாவின் தொண்டை

அப்பாவுக்கு மூளையில் அடைப்பு வந்தபோது கை கால் எதுவும் விழவில்லை. விழுங்குவது மட்டும் நின்றுபோனது.

அன்று காலை எழுந்ததும் அவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. பாத்ரூம் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்திருக்கிறார். பித்தமாக இருக்கும் என்று அம்மா காபி கலந்து கொடுத்தாள். முதல் வாய் மூக்கு வழியாக வந்து பனியனில் வழிந்தது. "இன்னாமே காபி இது" என்று அதட்டப் போனவருக்குக் குரல் எழவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. இடது கண்ணின் இமை பாதி இறங்கியிருந்தது. அம்மா எனக்குப் போன் செய்தபோது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் அலுவலகப் படியேறிக்கொண்டிருந்தேன். "உங்கப்பாவுக்குக் காபி எறங்கல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பதற்றம் ஏதும் இல்லை.

நான் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். எங்கோ வெளிநாட்டு மருத்துவமனைகளில் எழுதப்படும் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கு ஒரு குறியீடு என்று தட்டிக்கொண்டே போக வேண்டும். விழுங்க இயலாமைக்கும் ஒரு குறியீடு உண்டு. வருஷக்கணக்காக அதைத் தட்டியிருக்கிறேன். தட்டும்போது ஒரு மனிதனின் கடைவாயில் எச்சில் ஒழுகுவது ஒருநாளும் மனதில் வந்ததில்லை.

எங்கள் வீடு திருவேற்காட்டில். நான் மட்டும் வேலைக்காக அம்பத்தூரில் ஒரு ஃப்ளாட்டில் இருந்தேன். அப்பா பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு நல்ல பெயர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். சாப்பிட உட்காரும்போது மட்டும் அவர் வேறு ஆள். இட்லியைப் பிட்டு முகர்ந்து பார்ப்பார். குழம்பை விரலால் தொட்டு நக்குவார். பிடிக்கவில்லையென்றால் மென்றதைத் தட்டிலேயே துப்பி, "இத்த நாய் துன்னுமா? நீ துன்னு" என்று அம்மா பக்கம் தள்ளுவார். அவள் தின்று முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். நானும் தங்கையும் எங்கள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். அவர் சாப்பிடுவதற்கு முன் அம்மா ஒரு பருக்கைகூட வாயில் வைக்கக் கூடாது. அது வீட்டுச் சட்டம்.

தங்கை அம்மா வயிற்றில் இருந்தபோது நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தேன். அன்று அப்பாவுக்கு வேலை முடிய நேரமாகிவிட்டது. அம்மா பசி தாங்காமல் அடுப்படியில் நின்றபடியே வறுத்த மீனில் ஒரு துண்டை வாயில் போட்டாள். அந்த நேரம் பார்த்து அவர் உள்ளே வந்தார். கத்தவில்லை. ஒரு கையால் அவள் தாடையைப் பிடித்து, மறு கையின் இரண்டு விரல்களை வாய்க்குள் விட்டு, "துப்பு" என்றார். அதற்குள் அவள் விழுங்கியிருந்தாள். அவர் விரலை எடுக்கவில்லை. அவள் குமட்டி எல்லாவற்றையும் வெளியே கொண்டுவரும்வரை உள்ளே அழுத்திக்கொண்டே நின்றார். பிறகு கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா தரையைத் துடைத்துவிட்டு வந்து பரிமாறினாள்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் என்னையும் அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "கை கால் எல்லாம் ஆடுதே டாக்டர், முழுங்க மட்டும் ஏன் முடியல?" என்று கேட்டேன்.

அவர் தன் பிடரியைத் தொட்டுக் காட்டினார். "மூளைத்தண்டோட கீழ்க்கோடியில முகுளம்னு ஒரு பகுதி இருக்கு. கட்டைவிரல் தடிமன்தான். அதுல இடது பக்கம் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. முழுங்கறதுக்கான ஏற்பாடு மொத்தமும் அந்த இடத்துலதான் இருக்கு."

மெல்லுவது வரைக்கும்தான் நம் இஷ்டம் என்றார். நாக்கு உணவைப் பின்னால் தள்ளி, அது தொண்டை வாசலைத் தொட்டுவிட்டால் பொறுப்பு முகுளத்துக்குப் போய்விடும். அங்கிருக்கும் நரம்பணுக்கள் ஒரு வரிசையை மனப்பாடமாக வைத்திருக்கின்றன. அண்ணத்தின் பின்பகுதி எழுந்து மூக்கு வழியை அடைக்கும். மூச்சு நிற்கும். குரல்நாண்கள் இறுகச் சேரும். குரல்வளை மேலெழும்பி முன்னால் நகர்ந்து நாக்கின் அடியில் ஒதுங்கும். அதன் மூடி கவியும். தொண்டைத் தசைகள் மேலிருந்து கீழாகப் பிழிந்துகொண்டே வரும். எப்போதும் இறுகி மூடியே கிடக்கும் உணவுக்குழாயின் வாய் அந்த ஒரு கணம் தளர்ந்து திறக்கும். உணவு இறங்கியதும் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பி, மூச்சு மறுபடி ஓடும். ஏறத்தாழ முப்பது தசைகள் இடம் வலம் பிசகாமல் செய்யும் இந்த வேலை ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது.

"எலி, பூனை, பசு, மனுஷன், பால் குடிச்சு வளர்ற எல்லாத்துக்கும் இதே வரிசைதான்" என்றார். "மேல் மூளைய எடுத்துட்ட பூனைகூடத் தொண்டையில தண்ணி விட்டா முழுங்கும். முகுளம் கெட்டுப்போச்சுன்னா எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் முழுங்க முடியாது."

அம்மா, "பசி எடுக்குமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"நல்லாவே எடுக்கும்மா. வயிறு நல்லாத்தான் இருக்கு. வாசனை, ருசி எல்லாம் தெரியும்."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள்.

மறுபக்கத்து முகுளம் கொஞ்சம் கொஞ்சமாக வேலையை எடுத்துக்கொள்ளும், வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம், அதுவரை வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லி மூக்கில் குழாயைப் போட்டு அனுப்பினார்கள்.

வீட்டுக் கூடத்தில் அப்பாவுக்குக் கட்டில் போட்டோம். அரைத்த கஞ்சி, பால், வடிகட்டிய பருப்புத் தண்ணீர் எல்லாம் பெரிய ஊசிக்குழலில் ஏற்றி மூக்குக் குழாய் வழியாக விட வேண்டும். வயிறு நிறையும். வாய் காய்ந்து கிடக்கும். ஒரு மனிதன் நாள் முழுக்கத் தன்னையறியாமல் எவ்வளவு எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா அதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் மக்கில் துப்பிக்கொண்டிருந்தார். பேசும்போது பாதியில் நிறுத்தித் துப்புவார். தூங்கும்போது தலையணை நனைந்துவிடும். நடுநடுவே விக்கல் வந்து உடம்பையே தூக்கிப் போடும்.

வீட்டுக்கு வந்த இரண்டாவது நாள், அம்மா தன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அடுப்படியில், அவர் சாப்பிட்டு முடித்த பிறகு, ஆறிப்போனதைச் சாப்பிட்டவள். அன்று கட்டிலுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சுடச்சுடச் சோற்றைப் பிசைந்தாள்.

"வவ்வா மீன் கொயம்பு" என்றாள். "நேத்து வச்சது. இன்னிக்குத்தான் புளி நல்லா ஊறிகீது."

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு வாயையும் நிதானமாக மென்றாள். முள்ளை எடுத்து உறிஞ்சித் தட்டு ஓரமாக வைத்தாள். அவருக்கு எச்சில் ஊறி ஊறி வந்தது. மக்கைத் தேடினார். மக்கு எட்டாத இடத்தில் இருந்தது. நான் எழுந்து எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் அவள் மீன் தலையைக் கொண்டுபோய்ப் பின்வாசலில் போட்டாள். மதில்மேல் இருந்த பூனை குதித்து வந்து கவ்வியது. கட்டிலிலிருந்து பார்த்தால் பின்வாசல் தெரியும். பூனை இரண்டு தரம் மென்றுவிட்டு விழுங்கியது. அப்பாவின் தொண்டையில் ஏதோ ஏற முயன்று பாதியில் நின்றது.

தினமும் அப்படித்தான் நடந்தது. காலையில் தோசை, மத்தியானம் குழம்பு, சாயங்காலம் பஜ்ஜி. வாழ்நாளில் தனக்கென்று பஜ்ஜி போட்டுச் சாப்பிட்டவள் இல்லை அவள். கஞ்சி ஊற்றும் வேளை தவறமாட்டாள். குழாயைக் கழுவுவதிலும் படுக்கை விரிப்பை மாற்றுவதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. கஞ்சியை ஊற்றிவிட்டு, "உப்பு சரியா கீதா?" என்று கேட்பாள். நேராக வயிற்றுக்குப் போகும் கஞ்சியில் உப்பு எங்கே தெரியும். ஒருநாள் அவர் ஊசிக்குழலைத் தட்டிவிட்டார். கஞ்சி அவள் புடவையெல்லாம் கொட்டியது. அவள் துடைத்துக்கொண்டாள். அடுத்த வேளைக் கஞ்சியைச் சாயங்காலம்வரை தள்ளிப்போட்டாள்.

நான் அம்பத்தூர் ஃப்ளாட்டிலிருந்து போகும் நாட்களில் அப்பா என் கையைப் பிடித்துக்கொள்வார். "அவள இங்க ஒக்காந்து துன்னாதன்னு சொல்லு" என்பார், அந்தக் காற்றுக் குரலில். நான் அம்மாவிடம் சொன்னேன்.

"எங்க ஒக்காந்து துன்றது பின்ன?" என்றாள். "அத்தன வருஷம் அவரு எதுர்ல நா ஒக்காந்துகினுதானே இருந்தேன். அவரு துன்னும்போது நா பாக்கல?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாங்காட்டிலிருந்து தங்கையும் அவள் கணவரும் வந்தார்கள். அம்மா ஆட்டுக்கறி பிரியாணி செய்தாள். அப்பாவுக்கு உயிரான சாப்பாடு அது. அரிசி வெந்து தம்மில் கிடக்கும்போதே தெருமுனைவரை வாசனை போனது. சாப்பாட்டை மேசையில் வைக்கலாம் என்று தங்கை சொன்னாள். அம்மா கேட்கவில்லை. கட்டிலைச் சுற்றிப் பாய் விரித்து, எல்லோரையும் கூடத்திலேயே உட்கார வைத்தாள்.

தங்கையின் கணவருக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தட்டோடு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். தங்கை அழுதுகொண்டே தின்றாள். அப்பா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினார்.

"ஒரு வாய்" என்றார். "மென்னுட்டு துப்பிடறேன். ஒரே ஒரு வாய்."

"டாக்டரு வேணாம்னுகிறாரு" என்றாள் அம்மா. ஒரு எலும்பை எடுத்து, உள்ளிருந்த மஜ்ஜையைத் தட்டி உறிஞ்சினாள். "துப்பறதுன்னா உங்களுக்கு நல்லாத் தெரியும். ஆனா வேணாம்."

மத்தியானம் நாங்கள் எல்லோரும் படுத்துவிட்டோம். அம்மா கூடத்துத் தரையிலேயே படுத்திருந்தாள். அப்பா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒருபக்கமாகச் சாய்ந்து சாய்ந்து அடுப்படிக்குப் போயிருக்கிறார். நான் விழித்துப் போய்ப் பார்த்தபோது தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் பிரியாணிச் சட்டி. முகத்தில், மூக்குக் குழாயில், மார்பில் எல்லாம் சோறு. வாய் நிறைய அடைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். இருமவே இல்லை. ஒரு பருக்கை வழி தவறி மூச்சுக்குழலுக்குள் போனாலே நாம் புரைக்கேறித் துடித்துப்போவோம். அவருக்கு அந்தக் காவலும் செத்துப்போயிருந்தது. சோறு சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் விரலை விட்டு வாயிலிருந்ததை வழித்தெடுத்தேன். அவர் என் விரலைக் கடித்தார்.

இருட்டுவதற்குள் காய்ச்சல் கொதித்தது. மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். நிமோனியா. வீட்டில் யார் பார்த்துக்கொள்வது என்று டாக்டர் கேட்டார். "நான்தான்" என்றாள் அம்மா.

மறுநாள் மத்தியானம் கேன்டீனில் அம்மா சாம்பார் சாதம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"பிரியாணிச் சட்டிய ஏம்மா கீழ வெச்ச? மேல் தட்டுல வெச்சு மூடியிருக்கலாம்ல?"

"நா வேணும்னுதான் கீய வெச்சேன்" என்றாள். "அவரு எய்ந்து போறத பாத்துகினுதான் படுத்திருந்தேன்."

"செத்துப்போயிருந்தா?" என்றேன்.

அவள் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள். "சாவணும்னு நெனைக்கல. அதும் பொய்தான், ஒரு நாளு நெனச்சேன். அன்னிக்கு நெனைக்கல. வாயில கெடச்சும் உள்ள போவாம கெடந்தா எப்டி இருக்கும்னு அவருக்குத் தெரியணும்னுதான் நெனச்சேன். உனக்கு அந்த மீன் ஞாபகம் கீதா?"

"இருக்கு."

"அதான்" என்றாள். ஊறுகாய் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் எவ்வளவு தூரம் நியாயம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சிறுவயதில் அவள் வாந்தியெடுப்பதைப் பார்த்தபோது வந்த பயம், அப்பா என் விரலைக் கடித்தபோதும் வந்தது. அதற்குமேல் என்னால் அதைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு நான் திருவேற்காட்டில் தங்கினேன். விழுங்கும் பயிற்சி கொடுக்க ஒரு பெண் பூந்தமல்லியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். சின்ன வயசுதான். கையில் நனைத்து உறைய வைத்த பஞ்சுக் குச்சிகள் இருக்கும். ஒன்றை எடுத்து அப்பாவின் தொண்டை வாசலைத் தடவி, "இப்ப முழுங்குங்க ஐயா" என்பாள். ஒன்றும் நடக்காது. மறுபடி தடவுவாள். மல்லாந்து படுக்க வைத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால் கட்டைவிரலைப் பார்க்கச் சொல்வாள். குரல்வளையை மேலே இழுக்கும் தசைகளுக்கு அது பயிற்சி. அப்பாவுக்குக் கழுத்து நரம்பு புடைத்துக் கண்ணில் நீர் வரும்.

அம்மா இதையெல்லாம் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டாள். பயிற்சிக்காரப் பெண் வராத நேரங்களில் அவளே செய்ய வைத்தாள். நான் செய்கிறேன் என்றதற்கு விடவில்லை.

"தலையத் தூக்கு" என்பாள். அவரை அவள் ஒருமையில் பேசியது அப்போதுதான் ஆரம்பித்தது. "இன்னும் தூக்கு. கீய போடாத. ஆம்பள இல்ல நீ?"

அவர் முடியாமல் தலையைப் போட்டால், முதலிலிருந்து தொடங்க வைப்பாள். குச்சியை இன்னும் கொஞ்சம் உள்ளே விடுவாள். அவர் குமட்டும்போது கையை எடுக்கமாட்டாள். "கொமட்டுறது நல்லதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு" என்று என்னைப் பார்த்துச் சொல்வாள். அது உண்மையும்தான். குமட்டல் திரும்பி வருவது நரம்பு விழிக்கும் அறிகுறி. கருணையுள்ள ஒருத்தி அந்தப் பயிற்சியைப் பாதியில் விட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றும். அம்மா ஒரு வேளைகூட விடவில்லை.

ஒருநாள் குச்சி பட்டதும் அவருடைய குரல்வளை துள்ளி எழும்பி இறங்கியது. நானும் அம்மாவும் பார்த்தோம். அப்பா தொண்டையில் கையை வைத்துக்கொண்டார். அம்மா, "இன்னொரு தபா" என்றாள்.

பிறகு மருத்துவமனையில் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார்கள். பச்சை நிறம் கலந்த கூழை ஒரு ஸ்பூன் கொடுத்தார்கள். திரையில் அப்பாவின் தொண்டை ஈரமாக, ரோஸ் நிறத்தில் தெரிந்தது. வலது குரல்நாண் ஆடியது, இடது அப்படியே கிடந்தது. தலையை இடது பக்கம் திருப்பி விழுங்கச் சொன்னார்கள். அப்படித் திருப்பினால் செத்த பக்கம் மூடிக்கொண்டு, உணவு உயிருள்ள பக்கமாகப் போகுமாம். அவர் திருப்பினார். விழுங்கும் கணத்தில் தசைகள் கேமராவின்மேல் வந்து மூடித் திரை வெளுத்துப்போனது. அது எப்போதும் அப்படித்தான், அந்தக் கணத்தை யாராலும் பார்க்க முடியாது என்றார்கள். திரை மறுபடி தெளிந்தபோது கூழ் போயிருந்தது. மூச்சுக்குழல் பக்கம் பச்சை ஒரு துளிகூட இல்லை.

குழாயை எடுத்தார்கள். தலையைத் திருப்பி, சின்னச் சின்ன வாயாக, ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு முறை விழுங்க வேண்டும், பேசிக்கொண்டே சாப்பிடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

"இனிமே அவரே துன்னுக்கலாமா?" என்று அம்மா கேட்டாள். "யாரும் ஊட்ட வேணாமா?"

"வேணாம்மா. சாப்பிடும்போது பக்கத்துல ஒருத்தர் இருந்தாப் போதும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சோற்றைக் குழைய வடித்து, பருப்பு ஊற்றி, நெய் விட்டுப் பிசைந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் சாப்பிட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டைக் கழுவி வைத்தாள். உள்ளே போய், ஏற்கனவே கட்டி வைத்திருந்த பையோடு வந்தாள்.

"கோயிலுக்கா?" என்றார் அப்பா.

"மாங்காட்டுக்குத்தான். சின்னவ ஊட்டுக்கு" என்றாள். "நா திரும்பி வர மாட்டேன். நீ தானா முயுங்கினா போயிடணும்னு நெனச்சுகினு இருந்தேன்."

நான் பின்னாலேயே தெருமுனைவரை போனேன். "அவர் தனியா என்னம்மா பண்ணுவார்?" என்றேன். ஷேர் ஆட்டோ வந்தது. "அதான் எல்லாம் கத்துக் குடுத்துட்டேனே" என்று ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா முதல் சில வாரம் அவள் வந்துவிடுவாள் என்றே இருந்தார். தங்கையின் போனுக்கு அழைத்துத் திட்டினார். அந்தக் குரலில் திட்டுவது மறுமுனையில் யாருக்கும் புரியவில்லை. நான் அம்பத்தூருக்குத் திரும்பிவிட்டேன். பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கிறாள். வாரநாட்களில் அங்கிருந்து சாப்பாடு வருகிறது. அதைக் கொண்டுவரும் அந்த அம்மாவின் மகன், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் இருப்பான். ஒருமுறை குழம்பு பிடிக்கவில்லை என்று அப்பா தட்டைத் தள்ளியிருக்கிறார். அவன் சிரித்துவிட்டு, "வேணாம்னா வுடு பெருசு" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். அதற்குப் பிறகு அப்பா தள்ளுவதில்லை.

மாங்காட்டுக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் அவர் இளைத்துவிட்டதைச் சொன்னேன்.

"முயுங்குறாரா?"

"ம்."

"அப்றம் இன்னா" என்றாள். அவள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். சோறு போட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வேன். அவர் தலையை இடது பக்கம் திருப்பி, சுவரைப் பார்த்தபடி ஒவ்வொரு வாயாக விழுங்குவார். பேசக் கூடாது என்பதால் நாங்கள் பேசுவதில்லை. நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் இருமினால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பேன்.